பெட்டி மட்டமாக நிற்கவேண்டும்

என் அக்கா லூர்த்தம்மாவின் புருஷன் லியோனோடு ஒரு காரியத்தையும் நிம்மதியாகச் செய்யமுடியாது. பதினெட்டு வருடம் குருநகரில், உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபடும் பெட்டியில் ஐஸ் ஏற்றி இறக்கிய மனுஷன். எதைக் கண்டாலும் சரி பிழை பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்று, அக்காவைப் பார்க்கமுன், எங்கள் வாசலில் நின்ற வண்டி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னவர்.

1984 ஆனி மாதம், அந்தோனியார் திருநாள். அந்தோனியார் சிலையை ஏற்றி ஊரைச் சுற்றிவரும் சுற்றுப்பிரகாரத்துக்கு வழக்கமாக வரும் உழவு இயந்திரம் பழுதாகிவிட்டது. திருநாள் குழுவின் செயலாளர் நான். நாயாய் அலைந்து, சண்டிலிப்பாயிலிருந்து நடராசா என்பவரை அவருடைய இயந்திரத்தோடு கூட்டிவந்தேன். அது உயரம், எங்கள் கோயிலின் இரண்டு சக்கரப் பெட்டியோ தாழ்வு. கொளுவியதும் பெட்டியின் முன்பக்கம் கிளம்பி, பின்பக்கம் தாழ்ந்தது. பின்பக்கத்தில் நின்ற அந்தோனியார் வானத்தைப் பார்த்தார். நான் சுருவத்தின் கீழே இரண்டு செங்கல் சொருகி நிமிர்த்தினேன். எல்லோரும் மெச்சினார்கள்.

அப்போதுதான் லியோன் வந்து, சாரத்தை மடித்துக்கட்டிப் பெட்டிக்குக் கீழே பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மச்சான், நீ அந்தோனியாரை நிமிர்த்திப்போட்டாய். பெட்டி இன்னும் மல்லாக்கத்தான் கிடக்குது. பாரம் முழுக்கப் பின்னுக்கு. ஏத்தத்திலை முன்பக்கம் கிளம்பிக் கழண்டிடும்.”

“இப்ப என்ன செய்யச் சொல்லுறியள் அத்தான்? மணி அடிச்சாச்சு. சுவாமியார் பூசை உடுப்புப் போட்டு நிக்கிறார்.”

“இயந்திரத்திலை பெட்டி கொளுவுற இரும்பு மேலை வளைஞ்சு கிடக்குது. நாலு ஆணியைக் கழட்டித் தலைகீழாப் பூட்டினால் பதிஞ்சிடும். அரை மணித்தியாலம் தா.”

நடராசாவும், “அவர் சொல்லுறது சரி. நான் புகையிலை ஏத்துற பெட்டி உயரம். அதுக்குத்தான் இந்த இரும்பை உப்பிடிப் பூட்டினது” என்றார்.

அரை மணித்தியாலமாம்! நான் கேட்கவில்லை. கடதாசிச் செட்டை கட்டிய ஏழு சிறுமிகள், சம்மனசுகளாக, வானதூதர் வேடத்தில், சுருவத்தின் பின்னால் ஏறி நின்றுவிட்டார்கள். ஒருத்தி லியோனின் மகள் பெர்னடெட். அவர் அவளைத் தூக்கி இறக்கினார். பிள்ளை வீரிட்டு அழுதது.

“ஊருக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிறியள்!” என்று அக்கா கத்தினாள்.

மற்றத் தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு லியோனைத் திட்டிக்கொண்டே தங்கள் பிள்ளைகளையும் இறக்கினார்கள். சம்மனசில்லாத சுற்றுப்பிரகாரம்! எனக்கு அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை.

மதகடி ஏற்றத்தில் பெட்டியின் முன்பக்கம் துள்ளியது. கொளுவிய ஆணி கழன்றது. பெட்டி பின்பக்கமாகத் தெருவில் குத்தி, பின்பலகை நொறுங்கியது. கயிற்றால் கட்டியிருந்ததால் சுருவம் தப்பியது. பிள்ளைகள் நின்றிருக்கவேண்டிய இடத்தில் உடைந்த பலகைகள் கிடந்தன.

அந்தோனியார் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டார் என்று மறுநாள் நன்றிப் பூசை வைத்தார்கள். அக்காவும் மெழுகுதிரி கொளுத்தினாள். லியோனின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் செங்கல் வைத்தவன் பெயரும் வெளியே வரும்.

அடுத்த வருடத் திருநாளில் மணி அடித்தது. “பிள்ளையளை ஏத்துங்கோ” என்றார் சுவாமியார். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி நின்ற தாய்மாரில் ஒருத்திகூட அசையவில்லை. லியோன் பெட்டிக்குக் கீழேயிருந்து எழும்பி, கையிலிருந்த கிறீசைத் துடைத்துக்கொண்டு வந்து, “ஓம், ஏத்தலாம்” என்று சொன்ன பிறகுதான் முதல் பிள்ளை ஏறியது.