பாஷா பாய் எடுத்த பூப்பொட்டலம்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஸ்கூட்டியில் செருகியிருந்த போன் இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று சொல்லிச் சொல்லியே அவளை எங்கள் சந்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. திருத்தணி வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. பாறையெல்லாம் சூடேறி, காற்றே அடுப்படியிலிருந்து வருவதுபோல வரும். "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போம்மா" என்றேன். அவள் போனைப் பார்த்துவிட்டு, "வேணாங்க சார், நின்னா செவப்பாயிடும்" என்று வண்டியைத் திருப்பிவிட்டாள்.

எது சிவப்பாகும் என்று என் மனைவி கேட்டாள். எனக்குத் தெரியும்.

ஸ்மார்ட் போன் எல்லார் கைக்கும் வர ஆரம்பித்திருந்த வருஷங்களில் நடந்தது இது. சோப்பு, டீத்தூள், பிஸ்கட் எல்லாம் சுற்றுவட்டாரக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு ஏஜென்சியில் எனக்கு வேலை. எல்லாவற்றுக்கும் ஒரே குடோன். பிஸ்கட்டில் சோப்பு வாசனை அடிக்கிறது என்று கடைக்காரர்கள் திட்டுவார்கள். சோப்பில் பிஸ்கட் வாசனை அடிக்கிறது என்று ஒருவரும் புகார் சொன்னதில்லை. இன்றும் மழை நாளில் பெட்டிக்கடைப் பக்கம் போனால் அந்தக் கலவை வாசனை வரும், எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பிக்கும். சரக்கு ஏற்றிய இடுப்பு அது.

எங்களிடம் நான்கு குட்டி யானைகள். கோயில் யானை இல்லை, சின்ன லோடு வண்டிகளுக்கு ஊரார் வைத்த பெயர் அது. ஒரு டிரைவருக்கு ஒரு லைன் என்று பிரித்திருந்தது. பொதட்டூர்பேட்டை லைன் ஒருவருக்கு, நகரி லைன் ஒருவருக்கு, திருவாலங்காடு வழியாக மணவூர் போகும் லைன் பாஷா பாய்க்கு. கடைசிக் கடையின் சரக்கை முதலில் உள்ளே ஏற்ற வேண்டும் என்பது மட்டும்தான் நான் அந்த வேலையில் கற்ற வித்தை. அதையும் ஒருமுறை தலைகீழாக ஏற்றி, நகரிக் கடைத்தெருவில் வண்டி மொத்தத்தையும் இறக்கி ஏற்றவைத்தேன். அந்த டிரைவர் தெலுங்கில் என்னைத் திட்டியது எனக்குப் புரியவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

பாஷா பாய்க்கு அப்போதே தாடி நரைத்திருந்தது. அவர் கை ராசியான கை என்று எங்கள் முதலாளிக்கு அசையாத நம்பிக்கை. புது வண்டி வந்தால் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி எடுப்பது அவர்தான். முதலாளி மகள் கல்யாணத்தில் முதல் பத்திரிகையை அவர் கையில் கொடுத்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்கே போனது. பாய் இதையெல்லாம் கூச்சத்தோடு ஏற்றுக்கொள்வார்.

ஒருமுறை ஆர்டர் எடுக்க அவர் வண்டியில் போனேன். மணவூரில் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஹார்னை இரண்டு தட்டு தட்டினார். எதிரில் ஆளும் இல்லை, மாடும் இல்லை. "ஊட்ல தெரியணும் தம்பி, நான் வந்துகினு இருக்கேன்னு" என்றார். வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி நூர்ஜகான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் வேறு யாரும் இல்லை. பாய் அவரை மெதுவாகப் புரட்டிப் படுக்கவைத்தார், முதுகைத் துடைத்தார், சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினார், தண்ணீர் கொடுத்தார். அந்த அம்மா என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. "நீ சாப்ட்டியான்னு கேக்கறா" என்றார் பாய். அவர் தன் சாப்பாட்டை வண்டி ஓட்டிக்கொண்டே முடித்துக்கொள்வார். மத்தியான ஓய்வு நேரம் முழுக்கத் தினமும் அந்த அம்மாவுக்கே போனது. டிரைவர்களுக்கெல்லாம் இது தெரியும். முதலாளிக்கு மட்டும் தெரியாது.

டீசல் விலை ஏறியது. முதலாளியின் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வைத்து வண்டி விடலாம் என்று சொன்னார். அன்றன்றைய ஆர்டரைப் பார்த்து, எந்த வண்டி எந்தப் பக்கம் போனால் சுற்று குறையும் என்று அதுவே பிரித்துக் கொடுக்குமாம். சென்னையிலிருந்து அதைக் காட்ட ஒரு இளைஞர் வந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டிரைவர்களை உட்காரவைத்து, "நடுவுல எங்கயாவது நிக்கணும்னா சொல்லுங்க, போட்டுடறேன். அதுக்கேத்த மாதிரி அதுவே வழி மாத்திக்கும்" என்றார். நான் பாயைப் பார்த்தேன். பாய் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

வெளியே வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஊட்டு சங்கதிய மிசின்ல எதுக்கு தம்பி போடணும்? மொதலாளி பாத்தா பாவப்படுவாரு. பாவப்பட்டுக் குடுக்கற லைன் எனக்கு வேணாம்." அத்தோடு, நானும் யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்.

முதலாளிக்கோ மனசு ஒரு நிலையில் இல்லை. பழைய லைனா, கம்ப்யூட்டரா? நம் ஊரில் இப்படிப்பட்ட சமயத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கிருத்திகைக் கூட்டம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, பூக்கட்டிப் பார்க்க மலைக்குப் போனோம். வண்டி ஓட்டியது பாஷா பாய். வெள்ளைப் பூ வந்தால் பழைய லைன், சிவப்பு அரளி வந்தால் கம்ப்யூட்டர். இரண்டையும் இலையில் மடித்து நூல் சுற்றி, முருகன் காலடியில் வைத்து வாங்கிக்கொண்டு முதலாளி வெளியே வந்தார். நேராக வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து தட்டை பாயிடம் நீட்டினார். "உன் கையால ஒண்ணு எடு பாய்."

பாய் தயங்கினார். "நான் எப்டீங்க..."

"சாமிக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. உன் கை ராசியான கை. எடு."

பாய் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முதலாளி பிரித்தார். அரளி.

மறுநாள் நான் பொறுக்கமாட்டாமல், பாய்க்குக் கொடுத்த வாக்கை மீறி முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை, பதறிவிட்டார். பாயைக் கூப்பிட்டு, "இன்னா பாய், ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? மணவூர் லைன நீயே வச்சிக்கோ" என்றார். பாய் தலையாட்டவில்லை. "சாமி எதிர்ல வச்சது, என் கையாலயே எடுத்தது. இப்ப நானே மாத்தச் சொன்னா உங்க குடும்பத்துக்கு ஆவாது மொதலாளி. பக்கத்து ஊட்டம்மா பாத்துக்கறேன்னு சொல்லிக்கீது" என்றார்.

முதலாளி முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வற்புறுத்த வேண்டிய அவசியம் தீர்ந்த நிம்மதி. அந்த முகத்தை நான் இன்று வரை மன்னிக்கவில்லை. பாயின் மேலும் எனக்குக் கோபம்தான். மானம் பெரிதுதான், அதற்காக இன்னொரு உயிரையா பணயம் வைப்பது?

பாயின் வண்டி கொஞ்சம் பெரியது என்பதால் கம்ப்யூட்டர் அவரைப் பொதட்டூர்பேட்டைப் பக்கமே அனுப்பியது. மணவூர் முனுசாமிக்கு விழுந்தது. முனுசாமி பாயோடு பல வருஷம் வண்டி ஓட்டியவன். அவனாகவே அந்த வீட்டில் நிறுத்தி, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவான். டிரைவர்களின் போன் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு வண்டியும் ஒரு புள்ளியாகத் தெரியும். ஓடினால் பச்சை, சொன்ன இடத்தில் அல்லாமல் நின்றால் சிவப்பு. மாப்பிள்ளை எனக்குப் போன் பண்ணி, "மணவூர்ல தினம் எதுக்கு நிக்கிறான்?" என்று கேட்டார். விஷயம் பாய் காதுக்குப் போனது. "என்னால உனுக்கு பேச்சு வேணாம்டா, நிக்காத" என்று அவரே சொல்லிவிட்டார். முனுசாமி நிற்பதை விட்டுவிட்டான்.

கோடையில் பக்கத்து வீட்டம்மா அரக்கோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் பாய் வேலைக்கு வந்தார். அதை எட்டப் போய் நூர்ஜகான் கீழே விழுந்துவிட்டார். சொம்பும் கவிழ்ந்துவிட்டது. முனுசாமியின் வண்டி மத்தியானம் அந்த வழியாகத்தான் போனது. சாயங்காலம் பாய் வந்து பார்க்கும்வரை அவர் தரையில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

பழி எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் மேல் போட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் அது தவறாக ஒன்றும் செய்யவில்லை. டீசல் குறைந்தது, சரக்கு நேரத்துக்குப் போனது, கடைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அங்கே நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அது நின்றிருக்கும். யாரும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து சில நாளில் பாய் வேலைக்கு வந்தார். அந்த வாரம் முனுசாமியின் வண்டி ரிப்பேரில் நின்றது. கம்ப்யூட்டர் பாய்க்கு மணவூரைப் போட்டது. நான் திரையின் முன்னால் உட்கார்ந்து அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருவாலங்காட்டைத் தாண்டியது. ரயில்வே கேட்டைத் தாண்டியது. அந்தத் தெருவையும் தாண்டிப் போனது. கடைசிவரை பச்சை. சாயங்காலம் மாப்பிள்ளை போனில், "இன்னிக்கி பாய் வண்டி எங்கயும் நிக்கல, பாத்தீங்களா?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

இப்போது அந்த ஏஜென்சி இல்லை. குடோன் இருந்த இடத்தில் செல்போன் கடை. பாய் மகள் வீட்டோடு போய்விட்டார், மணவூர் வீடு பூட்டிக் கிடக்கிறது. வெகுநாள் கழித்து, அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவரைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். பேச்சு அங்கே இங்கே சுற்றிப் பாயிடம் வந்தது. "கடசியா ஒரு தபா வந்தாரே, கேட்டாண்ட ரெண்டு தபா ஹார்ன் அடிச்சாருங்க. அடிச்சிட்டு நிக்காமயே போயிட்டாரு" என்றார்.

திரையில் அது தெரியவில்லை.