பிரேமிளாவின் தட்டைத் தலையணைகள்

காற்றுக்குக் கூலி கொடுத்து ஏமாந்தவர்கள் கண்டியில் எத்தனை பேரோ தெரியாது. மஹய்யாவ பிரேமிளா அவர்களில் ஒருத்தி. அவளை ஏமாற்றியதும் வேறு யாருமில்லை, அவளேதான்.

பிரேமிளா இலவம்பஞ்சுத் தலையணை தைத்து விற்பவள். அதற்கு முன் கார்மென்ட் தொழிற்சாலையில் இருந்தாள். தண்ணீர் குடிக்கப் போனால்கூட சூப்பர்வைசர் முறைப்பான். ஒருநாள் "போதும்டா சாமி" என்று வீட்டுக்கு வந்தவள், வத்தேகமப் பக்கமிருந்து பஞ்சு வாங்கி, ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டவுன் கடைகள் எல்லாம் ஸ்பஞ்சுக்கு மாறியிருந்தன. யாரும் அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் பேஸ்புக்கில் படம் போட்டதும் கொழும்பு, வவுனியா என்று ஆட்கள் ஆசையாய்க் கேட்டார்கள். அனுப்பும் கூலியைச் சொன்னதும் அத்தனை பேரும் காணாமல் போனார்கள்.

கூரியர் கடை ஹபீல் நல்ல மனுஷன். ஆனால் அவன் என்ன செய்வான்? பெரிய பார்சலுக்கு நிறையைப் பார்க்காதே, அளவைப் பார்த்துக் காசு வாங்கு என்பது கம்பனிச் சட்டம்.

"தங்கச்சி, ஒங்கட பெட்டிக்குள்ள பாதி காத்துதான். அந்தக் காத்துக்கும் சேத்துத்தான் நீங்க காசு கட்டுறீங்க" என்று அவன் அளவு டேப்பை நீட்டும்போதெல்லாம் சொல்வான்.

பிரேமிளா கேட்டால்தானே! பஞ்சில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டாள் என்று ஒரு சொல் வந்துவிடக்கூடாது அவளுக்கு. ஒவ்வொரு தலையணையையும் தட்டித் தட்டி உப்ப வைப்பாள். அது நசுங்காமலிருக்க அதைவிடப் பெரிய பெட்டி தேடுவாள். நிறைமாதக்காரியைக் கூட்டிக்கொண்டு போவதுபோல அதைப் பஸ்ஸில் கொண்டுபோவாள். வீம்புக்கு விலை உண்டு. அவள் கொடுத்தது கொஞ்ச நஞ்சமல்ல.

கடைசியில் வாங்க ஆளில்லாமல் மெஷின் தூசி பிடித்தது. சித்திரை நெருங்கும் நேரம் பழைய தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. வருஷம் பிறந்ததும் வரலாம், ஆனால் வருவாளா மாட்டாளா என்று உடனே சொல்ல வேண்டும்.

"பேசாம போயிரு. இந்தப் பஞ்சு பறந்து என் சோத்துல விழறதாவது நிக்கும்" என்றார் மாமியார் இரத்தினம்மா.

பிரேமிளா தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். பதில் சொல்ல மூன்று நாள் தவணை கேட்டாள். காரணம், திருகோணமலையில் ஒரு கடற்கரை விடுதி. அதை நடத்தும் மனோகரிக்கு எல்லா அறைகளுக்கும் இலவம்பஞ்சுத் தலையணை வேண்டும். அனுப்பும் செலவு தலையணை விலையை விழுங்கினால் மட்டும் வேண்டாம் என்றிருந்தார்.

மறுநாள் வருஷப் பிறப்புக்காக வீடு கழுவினார்கள். வழக்கம்போல இரத்தினம்மா தன் தலையணையைத் தூக்கி வெயிலில் தகரத்தின் மேல் போட்டார். அவர் தலையின் பாரத்தில் வருஷக்கணக்காய் நசுங்கி ரொட்டியாய்ப் போன தலையணை அது. பின்னேரம் வந்து பிரேமிளா பார்த்தால், அது பூரியாய் உப்பிக் கிடந்தது. வருஷா வருஷம் பார்த்ததுதான். இன்றைக்குத்தான் உறைத்தது. வெயில் திருகோணமலையிலும் சும்மாதானே கிடைக்கிறது!

ராத்திரியே இறங்கிவிட்டாள். தைத்து விற்காமல் கிடந்த தலையணைகளை ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்கி, மேலே பலகை வைத்து அமுக்கினாள். அசையவில்லை. சுற்றிலும் பார்த்தாள். அந்த வீட்டில் கனமான சாமான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அத்தை, கொஞ்சம் இதுல உக்காருங்க."

"எதுக்குடி?"

"உக்காருங்க, சொல்றேன்."

இரத்தினம்மா உட்கார்ந்தார். தலையணைகள் மூச்சு விட்டன. பிரேமிளா துணி நாடாவால் இறுக்கிக் கட்டி, உரப்பையில் போட்டுத் தைத்தாள். காலையில் ஹபீல் டேப்பை வைத்துப் பார்த்தான். நம்பாமல் திருப்பி வைத்தும் பார்த்தான்.

"தலகாணி எங்க தங்கச்சி?"

"எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, ஹபீல் நானா."

முன்பு ஒரு பெட்டிக்கு வந்த கூலியில் இப்போது மூட்டையே போனது. பிரேமிளா பஸ் பிடிக்காமல் மிதந்து வீடு வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த மிதப்பு அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும்தான். மனோகரி போனில் வெடித்தார்.

"என்ன பிள்ளை இது? தலையணை கேட்டால் பலகையெல்லோ அனுப்பியிருக்கிறீங்கள்! நான் திருப்பி அனுப்பப் போறன்."

அப்போதுதான் பிரேமிளாவுக்குத் தலையில் இடி விழுந்தது. வெயிலில் போட வேண்டும் என்று அவள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. மஹய்யாவயில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயத்தை யாராவது எழுதுவார்களா? ஸ்பஞ்சிலேயே தூங்கிய மனோகரிக்கு அது எப்படித் தெரியும்? மூட்டை திரும்பி வந்தால் போகிற கூலி, வருகிற கூலி இரண்டும் அவள் தலையில். அதோடு மெஷினுக்கும் முழுக்குத்தான்.

"அக்கா, கையெடுத்துக் கும்பிடுறேன். கட்ட அவுத்து மொட்டைமாடி வெயில்ல போடுங்க. பொழுது சாய ஒரு கம்பால நாலு தட்டுத் தட்டுங்க. அப்பவும் பிடிக்கலன்னா நானே வந்து தூக்கிட்டுப் போறேன்."

மனோகரி போனை வைத்துவிட்டார். போனைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாய் அவள் செத்துப் பிழைத்தாள். தொழிற்சாலைக்காரர் இரண்டு முறை அழைத்தார். அவள் எடுக்கவில்லை. சோறும் இறங்கவில்லை. பஞ்சைக் கரித்துக்கொட்டிய இரத்தினம்மாதான், "எந்திரிக்கும்டி. என் தலைகாணியே எந்திரிச்சிச்சில்ல" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

விளக்கு வைக்கும் நேரம் வீடியோ வந்தது. மொட்டைமாடி முழுக்க வெள்ளைத் தலையணைகள், ஒவ்வொன்றும் குண்டுக் குழந்தை கணக்காய். நடுவில் மனோகரி ஒரு கம்போடு நின்று சிரித்தார்.

"ஐயோ பிள்ளை, இது என்ன வித்தை! என்ர கண் முன்னாலேயே எழும்பிச்சு. மெத்தையும் செய்வீங்களோ?"

பிரேமிளா அழுதாள். அழுதுகொண்டே தொழிற்சாலைக்குப் போன் போட்டு, "வேற ஆளப் பாத்துக்கங்க சேர்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்து, மாமியாரை மேலும் கீழும் அளந்தாள்.

"அத்தை, மெத்தைக்கு நீங்க ஒருத்தர் பத்தாதே."

இரத்தினம்மா முந்தானையை உதறி எழுந்தார். "இரு, தோட்டத்து லயத்துல இருக்குற என் தங்கச்சிய வரச் சொல்றேன். அவ என்னவிடப் பருமன்."