பொழுது சாயும்வரை நின்ற கலா அக்கா

அன்று காலை விழுப்புரத்தில் எங்கள் கண்காணிப்புக் கேமராக் கடையின் ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். முதலாளி அண்ணா தன் இடத்தில் இல்லை, வாடிக்கையாளர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சசி, இன்னைக்கு எதையும் ஆன் பண்ணாதம்மா" என்றார். பிறகு, "கலா போயிடுச்சு. விடியக்காலைல. திண்டிவனத்துலேர்ந்து போன் வந்துது" என்றார்.

எங்கள் கடையில் கேமரா மாட்டும் கலா அக்காவைக் காய்ச்சல் என்றுதான் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே திரைகள் அணைந்து கிடந்தன. எப்போதும் மற்றவர்களின் வாசலும் வராந்தாவும் தெரியும் அந்தத் திரைகளில் என் முகம் மட்டும் தெரிந்தது.

படத்திறப்புக்கு வந்த நீங்கள் எல்லாரும் அக்காவைப் பற்றிப் பேசினீர்கள். "கூடவே வேல செஞ்ச பொண்ணு, ரெண்டு வார்த்த சொல்லட்டும்" என்று யாரோ என்னிடம் மைக்கை நீட்டினார்கள். எழுந்து நின்றேன். பேச்சு வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் எனக்கு இப்படித்தான் ஆகும். எழுந்து படி என்றால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். ஏன் நின்றாய் என்று கேட்காத ஒரே ஆள் கலா அக்காதான். அன்று மைக்கில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அக்காவும் நானும் ஒரே இடத்தில் நின்று வேலை செய்தது குறைவு. கேமரா மாட்டும் இடத்தில் அவர் ஏணிமேல் இருப்பார். நான் கடையில் திரைக்கு முன்னால் இருப்பேன். நடுவில் போன். "சசி, தெரியுதா?" என்பார். "உங்க மூக்குதான் தெரியுது அக்கா" என்பேன். நேரில் யாரிடமும் பேசாத நான் போனில் அவரிடம் அப்படிப் பேசுவேன். இன்சுலேஷன் டேப்பை வளையல்போலக் கையில் மாட்டியிருப்பார். சுடிதார்மேல் ஆம்பளைச் சட்டை. ஒரு கிடங்கில் வாட்ச்மேன் அவரைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஆம்பள யாரும் வரலியா?" என்று கேட்டது போனில் என் காதில் விழுந்தது. "வந்துட்டாரே. நீங்கதான். ஏணிய புடிங்க" என்றார் அக்கா. வேலை முடியும்வரை அந்த மனிதர் ஏணியை விடவில்லை.

அக்காவுக்குத் தவறே நேராது என்று படத்திறப்பில் ஒருவர் சொன்னார். அது சரியில்லை. அனந்தபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கேமரா போட்டபோது நேர்ந்தது. அந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஸ்விட்ச் என்று சொல்வது விளக்குப் போடும் ஸ்விட்ச் இல்லை. கேமரா வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி. படத்தை வாங்கிக்கொண்டு, அதே வயரில் கேமராவுக்குக் கரண்டையும் அனுப்பும். மண்டபத்தில் எத்தனை கேமராவோ அத்தனை வயர் செருகும் ஓட்டை உள்ள பெட்டியாகப் பார்த்து அக்கா வாங்கினார். பகலெல்லாம் படம் பளிச்சென்று வந்தது. பொழுது சாய்ந்ததும் என் திரையில் ஒவ்வொரு கட்டமாகக் கறுப்பாகிக்கொண்டே போனது.

இருட்டினால் கேமரா தன் கண்ணைச் சுற்றியுள்ள சின்ன விளக்குகளைத் தானே போட்டுக்கொள்ளும். அந்த ஒளி நமக்குத் தெரியாது. கேமரா அதை வைத்துத்தான் பார்க்கும். படத்தில் நிறம் போய்ச் சாம்பலாகிவிடும். அப்போது ஒவ்வொரு கேமராவும் பகலைவிட அதிகக் கரண்டு கேட்கும். அந்தப் பெட்டியால் கொடுக்க முடியவில்லை. மண்டபத்துக்காரர் கத்தினார். "பொண்ணழைப்பு வண்டி வந்துக்கினு இருக்குது, ஒங்க கேமரா தூங்கிக்கினு இருக்குதே!"

"பேஜார் பண்ணாதீங்க சார். தப்பு என்னுது. ஓட்டைய எண்ணினேன், கரண்ட எண்ணல" என்றார் அக்கா. கம்பெனிமேலோ கரண்டு ஆபீஸ்மேலோ பழியைப் போட்டிருக்கலாம். போடவில்லை. உள்ளே இருந்த பாதிக் கேமராக்களைக் கழற்றிவிட்டு, வாசலையும் மொய் எழுதும் இடத்தையும் மட்டும் விடியும்வரை உயிரோடு வைத்திருந்தார். மறுநாள் வேறு பெட்டி மாற்றினார்.

அதற்குப் பிறகு, வேலை முடிந்தாலும் பொழுது சாயாமல் எந்த இடத்தைவிட்டும் அவர் கிளம்பியதில்லை. "பகல்ல ஓடறத நம்பாத சசி. ஆறரைக்கு மேல பாரு" என்பார். கூட வந்த பையன்கள் பஸ் போய்விடும் என்று முனகுவார்கள். அவர்களை அனுப்பிவிட்டுத் தனியாக நிற்பார். நானும் கடையில் தனியாக இருப்பேன். போனில் ரெண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டோம். அவர் பக்கத்தில் கொக்கோ காக்கையோ கத்துவது கேட்கும். பிறகு கேட்பார்.

"நெறம் போச்சா?"

"போச்சுக்கா."

"எல்லாம் இருக்குதா?"

"இருக்குதுக்கா."

உடனே வாசல் கேமராவுக்குக் கீழே வந்து நின்று, மேலே பார்த்துக் கையை ஆட்டுவார். அதுதான் அன்றைக்கு வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம். நானும் ஆளில்லாத கடையில் திரையைப் பார்த்துக் கையை ஆட்டுவேன். அவருக்குத் தெரியாது என்று தெரிந்தும் ஆட்டுவேன்.

கடைசியாக அவர் எடுத்த வேலை திண்டிவனம் ரோட்டில் உள்ள கிடங்குகள். நெல்லும், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையும் வைக்கும் பெரிய பெரிய தகரக் கொட்டகைகள். எங்கள் கடை அதுவரை செய்யாத அளவுக்குப் பெரிய வேலை. ஆபீஸ் அறையில் ஒரே பெரிய ஸ்விட்சை வைத்து எல்லா வயரையும் அங்கே கொண்டுவந்துவிடலாம் என்றார் கிடங்குக்காரர். அக்கா கேட்கவில்லை. அவ்வளவு தூரம் வயர் இழுத்தால் படம் வந்து சேராது. அதோடு, அந்த ஒரு பெட்டி போனால் எல்லாம் குருடு. கொட்டகைக்கு ஒரு பெட்டி, ஒவ்வொன்றிலும் பாதிக் கரண்டு மீதி இருக்கவேண்டும் என்றார். உள்ளே விசிறி ஓடும் பெட்டியும் வேண்டாம் என்றார். மல்லாட்டைத் தோல் தூசியை விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். பெட்டிகளின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷை நான் எழுத்துக்கூட்டிப் படிக்க, அவர் தேர்ந்தெடுத்தார். "ஒண்ணு செத்தா மத்ததெல்லாம் பார்த்துக்கினு இருக்கணும், அவ்ளோதான்" என்றார். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது.

படத்திறப்பு முடிந்த மறுநாள் கிடங்குக்காரர் கடைக்குப் போன் செய்தார். அக்கா சொன்ன பெட்டிகள் வேண்டாம், விலை குறைந்ததாக, சின்னதாகப் போடுங்கள் என்றார். போனை மேசையில் வைத்துவிட்டு அண்ணா என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"கலா இருந்தா சண்ட போட்டிருக்கும். இப்ப யாரு போடுவா? மாத்திடலாம் வுடு."

 சின்னப் பெட்டி போட்டால் பொழுது சாய்ந்ததும் அந்தக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் கறுப்பாவது இப்போதே என் கண்ணில் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரிந்தது. "தப்பு என்னுது" என்றோ, இல்லை என்றோ சொல்ல அக்கா வரப்போவதில்லை.

"நிக்காதுண்ணா" என்றேன்.

"இன்னாம்மா?"

"சாயந்தரம் நிக்காது. அப்புறம் கலா அக்கா போட்டது அவிஞ்சு போச்சுன்னுதான் சொல்லுவாங்க."

கடையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசி அண்ணா கேட்டதில்லை. சட்டைப் பையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். மறுபடி பையிலேயே வைத்தார். பிறகு கிடங்குக்காரருக்குப் போன் போட்டார். "சார், முன்ன சொன்ன மாடல்தான் வரும். இல்ல சார், கொறைக்க முடியாது. எங்க டெக்னீஷியன் ஒத்துக்கல." எந்த டெக்னீஷியனைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பையன்கள் வயர் இழுத்து மாட்டி முடித்த நாளில் நானும் கிடங்குக்குப் போனேன். கடையைவிட்டு வேலை இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. மாலையில் பையன்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். நான் நின்றேன். அங்கிருந்த வாட்ச்மேன் ஒரு கல்லைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. வெளிச்சம் கொட்டகைத் தகரத்தைவிட்டு இறங்கி, எடைமேடையைவிட்டு இறங்கி, ரோட்டுக்குப் போனது. கடையில் திரைக்கு முன்னால் இருந்த அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

"நெறம் போச்சாண்ணா?"

அவர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுக்கும் சத்தம் கேட்டது.

"போச்சும்மா."

"எல்லாம் இருக்குதா?"

"இருக்குது. எல்லாம் இருக்குது."

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது இதுதான்: வேலை முடிந்த பிறகும் பொழுது சாயும்வரை நிற்பது. அதோடு இன்னொன்று. போனை வைத்துவிட்டு வாசல் கேமராவுக்குக் கீழே போய் நின்றேன். மேலே பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு கறுப்புக் கண்ணாடிதான் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா, கையை ஆட்டுகிறதா என்று ஒன்றுமே தெரியவில்லை. அத்தனை நாளும் அக்கா இதைப் பார்த்துத்தான் கையை ஆட்டியிருக்கிறார்.

நானும் ஆட்டினேன்.