மூன்றாவது தடைக்குப் பிறகு

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபித்துத் தொடங்கிய காரியத்தில் மூன்று முறை தடை வந்தால், கர்த்தர் வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு அதை விட்டுவிடுவோம். நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். தடை வந்த நாளின் ஓரத்தில் சிறிய சிலுவை ஒன்று போட்டுவைப்பேன். கிடர்பூரில் பார்த்த ஒரு வாடகை வீட்டுக்கு இப்படி மூன்று சிலுவைகள் விழுந்தன. அதை விட்டுவிட்டு ஜாதவ்பூருக்கு வந்தோம். அடுத்த மழைக்காலத்தில் அந்த வீட்டுக் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதன்பின் இந்த வழக்கத்தைச் சந்தேகிக்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

ஒரு ஜூன் மாதத் திங்கட்கிழமை காலை, குளித்துவிட்டு வந்த என் மனைவி, வலது மார்பில் ஏதோ கட்டியாகத் தட்டுப்படுகிறது என்றாள். மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, ஸ்கேனும் ஊசியால் சதை எடுத்துச் செய்யும் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். இருவரும் முழங்காலில் நின்று ஜெபித்தோம்.

வியாழக்கிழமை பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். பரிசோதிப்பவர் விடுப்பில் இருந்தார். அடுத்த புதன்கிழமை விடியும்போதே பெருமழை. தெருவில் முழங்காலளவு தண்ணீர். வர முடியாது என்று போன் செய்து சொன்னேன். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவளை மேசையில் படுக்க வைத்த பிறகு இயந்திரம் நின்றுபோனது. பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். மூன்று சிலுவைகள். நாட்குறிப்பில் எழுதாத ஒன்றும் உண்டு. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் என் நெஞ்சு லேசாகியிருந்தது. பரிசோதிக்காதவரை அவள் நோயாளி இல்லை அல்லவா?

அன்று மாலை அவள் பள்ளி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். "மூணு ஆயிட்டு. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போமா?" என்றேன்.

பேனாவை மூடி வைத்தாள். "எங்க, காட்டுங்க."

நாட்குறிப்பைக் கொடுத்தேன். வாசித்தாள்.

"இந்தப் புதன்கிழமை என்ன?"

"மழை."

"அன்னைக்குப் பக்கத்து ஃப்ளாட் பெங்காலி அக்கா சேலையைத் தூக்கிப் பிடிச்சிட்டு ஆபீஸுக்குப் போனாங்க. நானும் செருப்பைக் கையில எடுத்துட்டு வாசல்ல நின்னேன். நீங்கதான் படியை விட்டு இறங்கல. அதையும் கர்த்தர் தலையில போடுதீங்களா?"

நாட்குறிப்பை வாங்கக் கை நீட்டினேன்; அவள் கொடுக்கவில்லை.

"அப்ப அந்தக் கிடர்பூர் வீடு இல்லன்னா நமக்கு வேற வீடு இருந்துச்சு. எனக்கு வேற உடம்பு இல்லல்லா." பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "கர்த்தர் பேசினா என்கிட்டயும் பேசுவாருல்லா? கட்டி எனக்குத்தானே இருக்கு."

மறுநாளே காளிகாட் பக்கம் வேறொரு பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த வயதான பெண் மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது" என்று இந்தியில் சொல்லி இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்தார். இடது பக்கம், அக்குளை ஒட்டி, கையில் தட்டுப்படாத சிறிய கட்டி ஒன்று இருந்தது. இரண்டிலிருந்தும் சதை எடுத்தார்.

வலது பக்கத்துக் கட்டி சாதாரணம் என்று முடிவு வந்தது. இடது பக்கத்தில் இருந்தது புற்றுநோய்.

இயந்திரம் நின்றிருக்காவிட்டால் அங்கே வலது பக்கத்தை மட்டும் பார்த்திருப்பார்கள்; பயப்பட ஒன்றுமில்லை என்ற தாளோடு வீட்டுக்கு வந்து ஸ்தோத்திர ஜெபம் செய்திருப்போம். தடை வழிகாட்டுதல்தான் என்று முன்பைவிட உறுதியாக இப்போது நம்புகிறேன். என் பயமும் அதனால்தான் கூடியிருக்கிறது. வேறு பக்கம் போ என்று கர்த்தர் திருப்பிவிட்டதை, நில் என்று நான் வாசித்தேன். அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருப்போம். இதற்கு முன் எத்தனை முறை இப்படித் தவறாக வாசித்தேன் என்பதை எண்ணிப் பார்க்க என்னால் முடியவில்லை.

அறுவை சிகிச்சை ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கே அவளைத் தயார் செய்துவிட்டார்கள். எட்டேகாலுக்கு நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, குறைந்தால்தான் உள்ளே கொண்டுபோவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். இத்தனை வாரங்களில் அவள் கேட்காத ஒன்றை அப்போது கேட்டாள்.

"என்னங்க, இதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் உறுதியாக இருந்ததால்தான் நான் அதுவரை நடந்துவந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏதாவது சொல்லிவிட நாக்கு துடித்தது. சொன்னால் அவள் நம்பிவிடுவாள் என்று பயந்தேன்.

"தெரியல" என்றேன்.

"சரி," என்றாள். "அப்ப ரெண்டு பேரும் தெரியாமலே ஜெபிப்போம்."

பத்து ஐம்பதுக்குச் சக்கரக் கட்டில் வந்தது. அவள் கை வியர்த்திருந்தது. கதவுவரை அதை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன்.