ஆறு மார்க் யாருக்கு?

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் அவளை ‘சைரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். போனை எடுத்தால் அவள் குரல் மாடிப்படி வரை கேட்கும். “அழாதீங்க. மூச்சு இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க” என்பாள். எதிர்முனையில் அழுகிறவர் திடுக்கிட்டுப் பதில் சொல்லிவிடுவார், வண்டி கிளம்பிவிடும்.

அந்தக் குரலுக்குப் பழைய மேற்பார்வையாளர் அம்மா எப்போதும் பத்துக்கு ஒன்பது போட்டார். வருட நடுவில் அவர் வேறு பிரிவுக்கு மாறியதும் அந்த இடத்துக்கு வந்த புதியவர் மூன்று போட்டார். கனிவில்லையாம். இன்னொரு முறை மூன்று வந்தால் வேலை போய்விடும்.

மேலாளர் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் ஆறு என்று வைத்துக்கொள்ளலாம், மார்க் தாளில் கையெழுத்துப் போட்டுவிடும்மா என்றார்.

“ஒருத்தருக்கு நான் ஒம்போது, இன்னொருத்தருக்கு மூணு. அப்ப இந்த ஆறு யாரு சார்? அந்த ஆள நான் பார்த்ததே இல்ல.”

போடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக், வம்புதும்புக்குப் போகாதவர். போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்றார். அவள் பாத்திரம் கழுவிய சத்தத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மேலாளரிடம் ஒரு வழி சொன்னாள். வேறு ஊர் மையத்தில் பதிவான அழைப்புகளை மேற்பார்வையாளர்கள் இருவரும் தனித்தனியாகக் கேட்டு மார்க் போடட்டும். சிலவற்றை ஒரு வாரம் கழித்துச் சொல்லாமல் மறுபடி கொடுங்கள். மேலாளர் முடியாது என்றார். ஆனால் மார்க் அடிவாங்கிய மற்றவர்களும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். மார்க் தாள்கள் ஏன் வரவில்லை என்று மேலிடம் துளைத்தெடுத்த பிறகு அவர் இறங்கி வந்தார்.

இருவரும் ஒத்துப்போன அழைப்புகள் அபூர்வம். புதியவர் எட்டு போட்ட அழைப்புக்கே அடுத்த வாரம் நான்கு போட்டிருந்தார். பழைய அம்மாவும் தப்பவில்லை. குரல் பிடித்துப்போனால், முகவரியைத் தப்பாக எழுதியவருக்குக்கூட அள்ளிக் கொடுத்திருந்தார்.

அப்படியானால் உன் ஒன்பதை வைத்துக்கொள் என்றார் மேலாளர், இதோடு விட்டால் போதும் என்ற முகத்துடன்.

“மூணு செல்லாதுன்னா ஒம்போதும் செல்லாது சார். ரெண்டையும் அடிங்க.”

பிரிவு முழுவதற்கும் அந்த வருட மார்க் ரத்தானது. ஒன்பதை நம்பி அவளுக்கு வரவிருந்த பதவி உயர்வும் அதோடு போயிற்று. பழைய அம்மா அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அதுதான் அவளுக்கு வலித்தது. ஆனாலும் சமாதானம் பேச அவள் போகவில்லை.