அம்மா சொன்ன நடிகை

சித்தப்பாவுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது, சினிமாவில் உண்டு. டெல்லியில் சினிமாக்காரர்களுக்கு விருது கொடுக்கிறார்கள் என்பதை எங்கள் தெருவுக்குச் சொன்னவரே அவர்தான். அறிவிப்பு வரும் காலம் நெருங்கினால், யாருக்குக் கிடைக்கும் என்று வீட்டில் ஆளாளுக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். யார் வாக்குப் பலிக்கிறதோ, அவர் கைகாட்டும் படத்துக்கு வீடே கிளம்பும். இது சித்தப்பா போட்ட சட்டம். ஒரு வருடமும் யார் வாக்கும் பலித்ததில்லை என்பதால், எல்லா வருடமும் சித்தப்பா சொன்ன படத்துக்கே போனோம்.

அப்போது திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் குடியிருந்தோம். கல்யாணமாகாத சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார். அப்பா பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டினார். அம்மாவுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களை விரித்துப் பார்த்து, ஓட்டையோ தையல் விட்டதோ இருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும்.

நான் நாலாவது படித்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு அத்தையும் வந்து உட்கார்ந்திருந்தார். சித்தப்பா வழக்கம்போலத் தன் தலைவர் பெயரைச் சொன்னார். அப்பாவும் அதையே சொன்னார். நான், அந்த வருடம் வந்த சாமி படத்தில் நடித்த பாம்புக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். பாம்புக்கெல்லாம் கொடுக்க மாட்டார்கள் என்று சித்தப்பா தள்ளுபடி செய்துவிட்டார்.

“நங்கையா, நீங்க சொல்லுங்க” என்று அம்மாவைக் கேட்டார். அண்ணன் மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். மற்ற வருடங்களில் அம்மா, “நீங்க சொல்றதுதானுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். அந்த வருடம் எழுந்திருக்கவில்லை.

“பால்காரியா ஒரு புதுப்பொண்ணு நடிச்சுதுங்களே, அதுக்குத்தான் குடுக்கோணும்” என்றாள். “புருசன் அடிப்பானுங்க. வேற எவளா இருந்தாலும் அங்கயே ஒப்பாரி வெச்சிருப்பா. இவ கீழ உழுந்த பால்போசிய எடுத்துக் கழுவிக் கவுத்து வெப்பா. கையத் தொடச்சுட்டு அவனத் திரும்பி ஒரு பார்வை பாப்பா. பேச்சே கெடையாது. அந்தப் பார்வைக்குக் குடுக்கலீன்னா வேற எதுக்குத்தான் குடுப்பாங்க?”

அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சித்தப்பாவுக்கோ தான் பார்க்காமல் விட்ட படத்தை இன்னொருவர் பார்த்துவிட்ட பொறாமை.

“அந்தப் படம் ஒரு வாரங்கூட ஓடலீங்களே. நானே பாக்கல. நீங்க எப்பப் பாத்தீங்க?”

அப்பா அவசரமாக, “ஏதாச்சும் பொஸ்தகத்துல படிச்சிருப்பா” என்றார். சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

“படிக்கலீங்க. தேட்டர்லதான் பாத்தேன். கரண்ட் இல்லீன்னு கம்பெனில மத்தியானமே அனுப்பிச்சுட்டாங்க. நேராப் போயிட்டேன்.”

“ஆரு கூட?” என்றார் அப்பா.

“ஒத்தையாத்தானுங்க.”

பக்கத்து வீட்டு அத்தைக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. அவர் எழுந்து போனதும் நான் அழ ஆரம்பித்தேன். “என்னைய ஏம்மா கூட்டீட்டுப் போகல?” என்று காலை உதைத்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கு நடந்ததில் எனக்குத் தெரிந்த ஒரே அநியாயம் அதுதான்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இனிமேல் கம்பெனிக்குப் போக வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அம்மா எப்போதும்போலச் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“சொன்னது காதுல உழுவலியா?” என்று அப்பா கத்தினார்.

“உழுந்துச்சுங்க” என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். டவுன்பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் நடையைக் கூட்டினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுவார்த்தையெல்லாம் என் வழியாகவே நடந்தது. சட்டை எங்கே என்று அப்பா என்னிடம் கேட்பார். கொடியில் இருக்கிறது என்று அம்மா என்னிடம் சொல்வாள். இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். எனக்கு அந்த உத்தியோகம் பெருமையாகத்தான் இருந்தது.

விருது அறிவிக்கும் நாளும் வந்தது. அன்று சாயங்காலம் அப்பாவே இறங்கி வந்தார். சித்தப்பாவை அருகில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் நேராகவே பேசினார்.

“தேட்டர்ல பாத்ததெல்லாம் தமாசுக்குச் சொன்னதுன்னு சொல்லீரு. வேற எவ பேரையாச்சும் சொல்லு. எல்லாத்தையும் இதோட உட்டர்றேன். நானும் தெருவுல நடக்கோணுமல்ல?”

“ஆமாங் நங்கையா, நியூஸ் வர்ற வரைக்கும் பேர மாத்திக்கலாம்” என்று சித்தப்பா சட்டத்தைத் தளர்த்தினார்.

அம்மா உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“நான் போனது தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். அவ நல்லா நடிக்கலீன்னு மட்டும் என்னையச் சொல்லச் சொல்லாதீங்க. எங் கண்ணால பாத்தேன்.”

செய்தி நேரத்துக்குப் பாதித் தெரு எங்கள் வீட்டு டிவி முன்னால் கூடிவிட்டது. போன வருடம் இத்தனை கூட்டமில்லை. சிறந்த நடிகை என்று, வடக்கே எங்கோ ஒரு மொழியில் நடித்த, எங்களில் யாருமே கேள்விப்படாத ஒருவரின் பெயரை வாசித்தார்கள். சித்தப்பாவின் தலைவருக்கும் கிடைக்கவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“பாத்தியா? உன்ற ஆளுக்குங் கெடைக்கல” என்றார் அப்பா. அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

“குடுக்காட்டிப் போறாங்க” என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. “அவதான் நல்லா நடிச்சா.” பிறகு சித்தப்பாவைப் பார்த்து, “ஆரும் செயிக்கலீங்கல்ல? அப்ப வர்ற ஞாயித்துக்கெழமைக்கு நானே ஒரு படஞ் சொல்றேன்” என்றாள். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று சித்தப்பா யோசித்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு, “வர்றயா கண்ணு?” என்று என்னைக் கேட்டாள். அப்பாவிடமும், “நீங்களும் வாங்க” என்றாள். அப்பா வரவில்லை, தடுக்கவும் இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவின் நடுவிலேயே நடந்தாள்.

படம் எனக்குப் பிடித்திருந்தது, நிறையச் சண்டை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பந்தயத்தில் தோற்றவளாயிற்றே. அவள் மடியில் கை வைத்து, “உடும்மா, அடுத்த வருசம் நீ சொல்ற ஆளுக்கே குடுத்துருவாங்க” என்று தேற்றினேன்.

அம்மா பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். தோற்றதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்து, வீடு வரும்வரை அவள் மடியைத் தட்டிக்கொடுத்தபடியே வந்தேன்.