மலையை இழந்த பூதம்

பனி மூடிய ஒரு காலையில், பர்கூர் பஸ்ஸில் என் பக்கத்தில் வீராங்கனை ஒருவர் உட்கார்ந்திருந்தார். கூரையை இடிக்கும் உயரம். மடியில் ஆளுயர வாள். அதற்கும் லக்கேஜ் டிக்கெட் வாங்கியிருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் உறையின் முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். எனக்குக் குத்திவிடக் கூடாதாம்.

கல் குவாரி அருகே, உடம்பெல்லாம் கல்தூள் படிந்த பூதம் ஒன்று சாலையை மறித்தது. நாங்கள் அலறினோம். அவர் வாளை உருவிக்கொண்டு இறங்கினார். அதன் கண்களைப் பார்த்தார். வாளை உறையில் போட்டுவிட்டு, முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டார். அது அழுதுகொண்டே ஒதுங்கி வழிவிட்டது.

திரும்பி வந்தவரிடம், "ஏங்க்கா வெட்டல?" என்றேன்.

"அது குடியிருந்த மலைய பூரா அறுத்துட்டாங்களே கண்ணு. அது எங்க போவும்?"

எங்கள் வீட்டுச் சமையல் மேடை பர்கூர்க் கருங்கல். இப்போதெல்லாம் அதன்மேல் பாத்திரத்தைச் சத்தமில்லாமல்தான் வைக்கிறேன்.